வலது தோள், இடது தோள்

தெருமுக்கில் திரும்பியதும், பைக் ஓட்டுகிற என் வீட்டுக்காரரின் வலது தோளில் ஒரு தட்டு தட்டுகிறேன். சந்துக்குள்ளிருந்து பால்காரரின் சைக்கிள் மூக்கை நீட்டுகிறது. இவர் வண்டியை மெதுவாக்கி, அவரைப் போகவிட்டு, பிறகு எடுக்கிறார். நல்லது. ஸ்டேஷனுக்கு ஒன்பது கிலோமீட்டர், இருபத்திரண்டு நிமிஷம், அதற்குள் கார் வாங்குவதா வேண்டாமா என்று நான் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். மத்தியானத்துக்குள் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கார் கைமாறிவிடும், சுரண்டைக்காரர் ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார், என் தம்பி அடுத்த வாரம் துபாய் போகிறான், வீட்டு வாசலில் நிறுத்திவைத்து யார் துடைப்பது என்று ஜெயசீலி டீச்சர் நேற்றே சொல்லிவிட்டாள். ஒரே பள்ளிக்கூடத்தில் அவள் சயின்ஸ், நான் தையல். நீலக் கலர் சின்னக் கார், சீட்டுக்குப் போட்ட உறைகூடக் கசங்கவில்லை. வாங்கலாம், வாங்கினால் என்ன, ஊரில் யார் யாரோ வாங்குகிறார்கள். இடது தோளில் ஒரு தட்டு, கோயில் மதிலை ஒட்டி இரண்டு ஆடு. தாண்டியாயிற்று. வாங்கினால் பள்ளிக்கூடத்துக்கு நேராக நெல்லைக்கே ஓட்டிப் போகலாம், ஏழே முக்காலுக்குக் கிளம்பினால் போதும், தலையைக் காயவைத்துப் பின்னலாம், இட்லியை உட்கார்ந்து தின்னலாம். இப்போது ஆறரைக்கே வண்டியில் ஏறி உட்கார வேண்டியிருக்கிறது. முதல் மினி பஸ் ஸ்டேஷன் இருக்கிற சத்திரத்திலிருந்து ஏழு மணிக்குக் கிளம்பி ஊருக்குள் வரவே ஏழரை ஆகிறது, அதை நம்பினால் ரயில் போய்விடும். சாயங்காலம் நெல்லையிலிருந்து ரயில் வந்து சேர்வதற்குள் கடைசி பஸ்ஸும் போய்விடுகிறது. அதனால் காலையில் கொண்டுவிடுவதும் இவர், இருட்டிய பிறகு கூட்டிவருவதும் இவர். ஆலங்குளத்திலிருந்து நெல்லைக்கு மாற்றிய நாளிலிருந்து இரண்டு வருஷமாக இதுதான் பிழைப்பு, ரிட்டயராக இன்னும் பத்து வருஷம் இருக்கிறது.

கார் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இவர்தான் கேட்கிறார். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, போன மே மாசத்து லீவில் தென்காசியில் டிரைவிங் பழகச் சேர்த்துவிட்டதே இவர்தான், நாற்பத்தொன்பது வயதில் எனக்கு எதற்கு இந்தக் கூத்து என்றால், பழகி வை, பழகினால் கை என்ன தேய்ந்தா போகும் என்றார். நான் கிளட்சோடு மல்லுக்கட்டும்போது பின் சீட்டில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். இருபத்திரண்டு வருஷம் சத்திரம் மார்க்கெட்டிலிருந்து கொல்லத்துக்குக் காய்கறி லோடு அடித்த மனிதர், ஆரியங்காவு மலை வளைவெல்லாம் தூக்கத்தில்கூடச் சொல்வார், தங்கப்பழம் அண்ணாச்சி ஸ்டியரிங்கைப் பிடித்தால் தக்காளிகூட நசுங்காது என்று மார்க்கெட்டில் பேர். அந்த மனிதர் மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு வந்து, இடுப்பு வலிக்கிறது என்று சொல்லிவிட்டு, அரை ஏக்கர் எலுமிச்சைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டார். இடுப்பு வலியாம். ஒரு நாள் தைலம் தேய்த்திருப்பாரா. வலது தோளில் தட்டு, பின்னாலிருந்து ஒரு கார் எங்களை ஒட்டி முந்தி வருகிறது, இவர் இடது ஓரம் ஒதுங்கிவிட்டார். ஒரே தட்டுத்தான், எதற்கு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நேராக வருவதெல்லாம் அவருக்கே தெரியும், வேகத்தடை, பள்ளம், எதிரே வரும் லாரி, ஒன்றும் சொல்லவேண்டாம். பக்கவாட்டில் வருவதுதான் என் பொறுப்பு. வலது என்றால் வலது தோள், இடது என்றால் இடது தோள், இரண்டு தோளையும் அழுத்தினால் நில் என்று அர்த்தம், கை சும்மா கிடந்தால் வழியும் சும்மா கிடக்கிறது. ஒன்றரை வருஷமாக இப்படித்தான் போகிறோம், ஒன்றரை வருஷமாக இரண்டு பேரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

முதல் தட்டு நான் யோசித்துத் தட்டியதில்லை. இடது பக்கம் வேலிக்குள்ளிருந்து ஒரு நாய் பாய்ந்தது, அப்போதெல்லாம் சேலை கட்டி ஒரு பக்கமாகத்தான் உட்காருவேன், நாய் என் காலுக்கு நேராகவே வந்தது, இவர் பாட்டுக்குப் போகிறார். பயத்தில் தோளில் ஓங்கி ஒன்று போட்டேன். சடாரென்று பிரேக் போட்டார். நாய் போய்விட்டது. அடிக்கிறாயே, ஏன் என்று வேறு யாராக இருந்தாலும் கேட்டிருப்பார்கள், இவர் கேட்கவில்லை. அதற்குப் பிறகு வீட்டில் கவனித்துப் பார்த்தேன். நேரே இருக்கிற செய்தித்தாளில் பொடி எழுத்து தெரிகிறது, முழங்கைக்குப் பக்கத்தில் வைத்த காப்பி தம்ளர் தெரியவில்லை, தட்டிவிட்டுவிட்டு, யார் இங்கே வைத்தது என்று என்மேலேயே கோபம். ஊசியில் நூல் கோத்துத் தருவதும் இவர்தான், எனக்குத்தான் வெள்ளெழுத்து வந்து மூன்று வருஷமாயிற்றே, ஒரே தடவையில் கோத்துவிடுவார், ஊசியில் நூல் கோக்கிற கண்ணுக்கு என்ன குறை இருந்துவிடும் என்று நானும் கொஞ்ச நாள் என்னை ஏமாற்றிக்கொண்டேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃப்ரிட்ஜில் கறிவேப்பிலைக் கட்டுக்குப் பின்னால் ஒரு சொட்டுமருந்து. தூசிக்குப் போடுவது என்றார். பாட்டிலின் பேரைப் போனில் போட்டுப் பார்த்தேன். கண் நீர் அழுத்தம், பார்வை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வருமாம், நடுவில் இருப்பது கடைசிவரை தெரியுமாம். முழுப் பூசணிக்காயைக் கறிவேப்பிலைக்குப் பின்னால் மறைத்து வைத்திருக்கிறார். எனக்குத் தெரியாமல் தனியாகவே டாக்டரிடம் போயிருக்கிறார், தனியாகவே கேட்டுவிட்டு வந்திருக்கிறார். பாட்டிலை இருந்த இடத்திலேயே, கறிவேப்பிலைக்குப் பின்னாலேயே வைத்துவிட்டேன். மறுநாள் சுடிதார் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தேன், அப்போதுதான் இவர் தோளுக்கு மேலாக ரோடு முழுக்கத் தெரியும். ஸ்டாஃப் ரூமில் ஒரு வாரம் சிரிப்பு, செல்லக்கனி டீச்சருக்கு இப்போதுதான் காலேஜில் இடம் கிடைத்திருக்கிறது என்று. நானும் சிரித்துக்கொண்டேன்.

குளத்தங்கரை வந்துவிட்டது. இந்த வருஷம் மழை நல்ல மழை, மடை வரைக்கும் தண்ணீர். நாரை வந்திருக்கு என்று ஹெல்மெட்டுக்குப் பக்கத்தில் குனிந்து சொன்னேன். ம் என்றார். தினமும் நான் ஏதாவது சொல்வேன், தாமரை பூத்திருக்கு, அந்தப் பனையில் புதிதாகக் கூடு கட்டியிருக்கு, சாமித்துரை வீட்டுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்திருக்கு, தினமும் இந்த ஒரு ம் தான். தலையைத் திருப்பமாட்டார். திருப்பினால் ரோடு போய்விடும். அது தெரிந்தும் நான் சொல்கிறேன், சொல்லாமல் இருந்தால் இவருக்குத் தெரியாதது எனக்குத் தெரியும் என்று ஆகிவிடுமே, அதனால் சொல்கிறேன். இதுதான் எங்கள் பேச்சு. வீட்டுக்குப் போனால் சோறு, குழம்பு, ஓசூரில் இருக்கிற மகளோடு போன், இவர் ஒரு பக்கம் தூங்கிவிடுவார், நான் ஒரு பக்கம். போக இருபத்திரண்டு, வர இருபத்திரண்டு, இந்த நிமிஷங்களில்தான் என் இரண்டு கையும் இவர் தோளில் இருக்கிறது. கல்யாணம் ஆன புதிதில்கூட இவ்வளவு நேரம் தொட்டுக்கொண்டு இருந்தோமா, சந்தேகம்தான். காரை வாங்கினால் இது போகும். நான் பாட்டுக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு நாலுவழிச் சாலையில் போய்க்கொண்டிருப்பேன், இவர் வாசலில் நின்று கையசைத்துவிட்டு எலுமிச்சைக்குப் போவார். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதைதான். ஒருவேளை இவருக்கு என்னைக் கொண்டுவிட்டுக் கொண்டுவிட்டு அலுத்துவிட்டதோ, அதுதான் கார், கார் என்கிறாரோ. அலுக்காதா பின்னே, மழையிலும் பனியிலும் இரண்டு வருஷம்.

ஆனால் இந்த அலுப்பு, அந்தத் தோள், எல்லாம் மேலுக்கு. அடியில் கிடப்பது வேறு. என்னை இறக்கிவிட்ட பிறகு இவர் திரும்பிப் போகிறாரே, அந்த ஒன்பது கிலோமீட்டர். அப்போது யார் தட்டுவது. அதே பால்காரர், அதே நாய், அதே குளத்தங்கரை வளைவு, பின்னால் நான் இல்லை. வீடு சேர்ந்ததும் ஒரு மிஸ்டு கால் கொடுப்பார், அதுதான் ஏற்பாடு. முன்பெல்லாம் ரயில் கீழக்கடையம் வரும்போதே போன் அடித்து நின்றுவிடும். போன வருஷம் ஐப்பசியிலிருந்து அது தள்ளிப்போய்விட்டது, கீழக்கடையம் போய், ஆழ்வார்குறிச்சி போய், அம்பாசமுத்திரம் வந்த பிறகுதான் வருகிறது. அத்தனை மெதுவாகப் போகிறார், ஊர்ந்து ஊர்ந்து போகிறார் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன், வேறு மாதிரி நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி நினைக்கிறேன். கீழக்கடையத்துக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவில் எனக்கு எதிர் சீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதே தெரியாது. போனை மடியில் வைத்துக்கொண்டு சுடிதார் துணியைச் சுருட்டிச் சுருட்டி விடுவேன். அதையும் கேட்டதில்லை. கேட்டால் ஏன் லேட் என்று கேட்கவேண்டும், லேட்டுக்குக் காரணம் கேட்டால் கண்ணுக்கு வரவேண்டும், கண்ணுக்கு வந்தால் வண்டியை எடுக்காதீர்கள் என்று சொல்லவேண்டும். சொன்னால் என்னை யார் கொண்டுவிடுவது, அப்புறம் நான் வேலைக்கு எப்படிப் போவது. அப்படியானால் என் சம்பளத்துக்காகவா இவரைக் கண் தெரியாமல் ரோட்டில் விட்டுக்கொண்டிருக்கிறேன். தட்டித் தட்டி நானே இவரை ஓட்டவைக்கிறேனோ. இல்லை, இல்லை, வண்டியைப் பிடுங்கினால் இந்த மனிதரிடம் அப்புறம் என்ன மிச்சம், ஓட்டுவதைத் தவிர இவர் வேறு எதைத் தன்னுடையது என்று நினைத்தார். இரண்டு பக்கமும் யோசிக்கிறேன், இரண்டு பக்கமும் முட்டுகிறது. சட்டையைத் துவைக்கும்போது பையில் ஸ்டேஷன் சைக்கிள் ஸ்டாண்டு சீட்டு கிடக்கும், மஞ்சள் சீட்டு, தினமும் ஒன்று. ரயில் போன பிறகு வண்டியைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறார் போலும், போகட்டும், மெதுவாகப் போனால் சரி. அடுத்த வீட்டு முத்துமாலைகூடக் கேட்டாள், அண்ணாச்சி மினி பஸ்ஸில் வந்து இறங்கினார்களே, வண்டி பஞ்சரா என்று. பஞ்சராக இருக்கும் என்றேன்.

நேற்று மட்டும் எனக்குக் கோபம் வந்தது. கார் பார்க்க ஆலங்குளம் போயிருந்தோம். ஜெயசீலியின் தம்பி சாவியை இவர் கையில்தான் கொடுத்தான், அண்ணாச்சி நீங்கள் ஓட்டிப் பாருங்கள் என்று. இருபத்திரண்டு வருஷத்து டிரைவரை விட்டுவிட்டு வேறு யாரிடம் கொடுப்பான். இவர் சாவியை வாங்கி உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் கையில் வைத்தார். பானெட்டின்மேல் கையை வைத்துத் தடவிக்கொண்டே முன்பக்கமாகச் சுற்றிப் போனார், இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார், பெல்ட்டை இழுத்துப் போட்டுக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, ஊரான் வீட்டு வாசலில் என்னைச் சோதித்துப் பார்க்கிறாரா, இரண்டு தடவை வண்டி அணைந்து அந்தப் பையன் சிரிக்க வேண்டுமா. அதேபோல இரண்டு தடவை அணைந்தது. கிளட்ச்ச பைய விடு கனி என்றார், அவ்வளவுதான். பஸ்ஸில் ஏறினால்கூட டிரைவர் பக்கத்தில் போய் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டு வருகிறவர். கல்யாணத்தன்று தாலி கட்டிவிட்டு வேனை இவரே ஓட்டிக்கொண்டு வந்தார், மாப்பிள்ளை ஓட்டக்கூடாது என்று பெரியவர்கள் சத்தம் போட்டார்கள். அந்த மனிதர் யாரும் சொல்லாமல், தானாக, இடது பக்கம் போய் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டார். தானாக. யாரும் சொல்லாமல். அப்படியானால் நேற்று இவர் என்னிடம் சொல்லிவிட்டார். வாயால்தான் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்பதும் இவருக்குத் தெரியும், டிரைவிங் பழகச் சேர்த்துவிட்ட அன்றைக்கே தெரியும், இந்த மண்டூகம்தான் கோபித்துக்கொண்டு வீடு வரைக்கும் பேசாமல் வந்தது, ராத்திரி தோசையைக்கூட ஆறிப்போனதாகக் கொடுத்தது, ஐயோ

இடது. இடது பக்கம். வயல்வரப்பை ஒட்டிய பொழிப்பாதையிலிருந்து வெண்டைக்காய் மூட்டை ஏற்றிய லோடு ஆட்டோ ரோட்டில் ஏறிவிட்டது. இரண்டு தோளையும் பிடித்து அழுத்துகிறேன், அழுத்துவதற்கும் இவர் பிரேக் போடுவதற்கும் இடையில் ஒன்றுமே இல்லை. சக்கரம் மண்ணில் சறுக்கி நிற்கிறது. ஆட்டோ ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒரு முழம் தள்ளிப் போகிறது, அதன் டிரைவர் எங்களை என்னவோ கேட்டுக்கொண்டே போகிறான், கேட்கட்டும், நியாயம்தான். என் சாப்பாட்டுப் பை ரோட்டில் கிடக்கிறது. இவர் இன்ஜினை அணைத்தார். வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய் புளியமரத்தடியில் ஸ்டாண்டு போட்டார். ஹெல்மெட்டைக் கழற்றினார். நெற்றியில் வியர்வை, இந்த மார்கழிப் பனியில். என்னை நேராகப் பார்த்தார், நேராகப் பார்த்தால்தான் அவருக்கு நான் தெரிவேன்.

"தட்டலியே கனி."

ஒன்றரை வருஷம். எதைத் தட்டவில்லை என்று நான் கேட்டிருக்கலாம், பழைய இடத்துக்கே திரும்பிப் போயிருக்கலாம், அதற்கும் வழி இருந்தது. கார் நினைப்பில் இருந்துவிட்டேன் என்றேன். தலையை ஆட்டினார். பையை எடுத்து மண்ணைத் தட்டினேன், டிபன் பாக்ஸ் திறக்கவில்லை, அது ஒரு புண்ணியம். பிறகு என் வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"திரும்பிப் போறப்ப யாருங்க தட்டுதா?"

இவர் ரோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஹெல்மெட்டுக்குள் எதையோ தேடினார்.

"திரும்பிப் போறப்ப நான் வண்டிய எடுக்கதே இல்லட்டி. ஸ்டாண்டுல போட்டுட்டு மினி பஸ்ல போயிருவேன். சாயங்காலமும் பஸ்லதான் வருவேன். போன வருசம் ஐப்பசிலேருந்து நீ பின்னால இல்லாம ஒரு நாளும் எடுத்ததில்ல."

மஞ்சள் சீட்டு. முத்துமாலை. அம்பாசமுத்திரம். எல்லாம் வந்து விழுந்தது, அத்தனையையும் கையில் வைத்துக்கொண்டுதான் நான் பஞ்சர் என்றும் டீ என்றும் கணக்குப் போட்டிருக்கிறேன். ஒரு வருஷத்துக்கு மேலாக, தினமும் காலையில், ஜன்னல் சீட்டில் சௌக்கியமாக உட்கார்ந்து போய்க்கொண்டிருந்த மனிதருக்காகக் கீழக்கடையத்திலிருந்து அம்பாசமுத்திரம் வரைக்கும் செத்துச் செத்துப் பிழைத்திருக்கிறேன். ஓங்கித் தோளில் ஒன்று வைத்தேன். அது எந்தப் பக்கத்துத் தட்டும் இல்லை. ஏன் சொல்லவில்லை என்றேன். சொன்னால் வண்டியை எடுக்க விடமாட்டாய், பிறகு வேலையை விடுகிறேன் என்று கிளம்புவாய், உனக்கு அந்தப் பிள்ளைகளும் தையல் மிஷினும் எவ்வளவு என்று எனக்குத் தெரியாதா, அதற்குள் நீ காரைப் பழகிவிட்டால் சரி என்று இருந்தேன் என்றார். சொல்லிவிட்டு, பயந்துட்டியா என்று கேட்டார். பயந்தேன் என்றேன். நானுந்தான் என்றார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தால் மூக்குத்தான் முதலில் ஒழுகும் போலிருக்கிறது, துப்பட்டாவில் துடைத்துக்கொண்டேன். சனிக்கிழமை நெல்லையில் பெரிய கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம், இரண்டு பேரும், நான் உள்ளே வருவேன், டாக்டர் சொல்வதை என் காதால் கேட்பேன் என்றேன். சரி என்றார். அந்தச் சொட்டுமருந்து எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும் என்றேன். தெரியும், நீ பார்த்த அன்றைக்குக் கறிவேப்பிலைக் கட்டைத் திருப்பி வைத்திருந்தாய் என்றார்.

மிச்சம் இருந்த இரண்டு கிலோமீட்டரை வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தே வந்தோம். ரயில் போய்விடும் என்றார், போனால் போகட்டும் என்றேன், ஆனால் அது இன்றைக்கு என்னவோ அரை மணி லேட். ஸ்டாண்டில் என் கண் முன்னாலேயே வண்டியைப் போட்டார். மஞ்சள் சீட்டை வாங்கினார், சட்டைப் பைக்குக் கொண்டுபோன கையைத் திருப்பி, என்னிடம் நீட்டினார். நான் வாங்கிப் பர்ஸில் வைத்துக்கொண்டேன். ரயில் கிளம்பியதும் ஜெயசீலிக்குப் போன் போட்டு, கார் எங்களுக்குத்தான், சுரண்டைக்காரரிடம் சொல்லிவிடு என்றேன். என்ன டீச்சர், மத்தியானம் வரை நேரம் இருந்ததே என்றாள். இருந்தது என்றேன். சொன்ன பிறகும் அந்தத் தோள் மனதை விட்டுப் போகவில்லை. எடுத்த முடிவு சரிதான், சரியானதை எடுத்தாலும் ஒன்று போகத்தானே போகிறது, இரண்டு கையும் இனி ஸ்டியரிங்கில். கீழக்கடையம் வந்தது. மடியில் போன். இவர் பஸ்ஸில் வீடு சேரும்வரை அது அடிக்காது என்று தெரியும், அடிக்காததற்குப் பயமும் இல்லை, துணியைச் சுருட்டாமல் சும்மா இருக்கிற கையை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை. எதிர் சீட்டில் பூக்கட்டுகிற ஒரு அக்கா, தினமும் இவள்தானா இருந்தாள். நானே நம்பரை அழுத்தினேன். முதல் மணியிலேயே எடுத்தார், பின்னால் பஸ் சத்தம், கண்டக்டரின் விசில், முதல் முறையாக எதையும் மறைக்காமல்.

"என்னட்டி, இன்னும் வீடு வரலியே."

தெரியும், சும்மாதான் போட்டேன், எங்கே வருகிறது பஸ் என்றேன்.

"குளத்தங்கரை. நாரை பதினேழு நிக்கி. நீ காலைல சொல்லுததெல்லாம் திரும்பிப் போறப்பதான் பாப்பேன், ஜன்னல் பக்கமாத் திரும்பி உக்காந்தா நல்லாத் தெரியும். சாமித்துரை வீட்டுப் பச்சை சகிக்கல."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"கார் வந்தாலும் சத்திரம் வரைக்கும் நான் வருவேன் கனி. பிறகு எப்பவும்போல பஸ்ஸு. நீ ரோட்டப் பாத்து ஓட்டு. நாரை வந்திருக்கான்னு நான் பாத்துச் சொல்லுதேன்."

ம் என்றேன்.